வீட்டுத் தொட்டியில் மீனும் கீரையும்

தறியும் தோட்டமும் ஒரே குடும்பத்தில் இணைந்திருப்பது ஊத்துக்குளி வட்டாரத்தில் புதிதன்று. அத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த அங்கத்தினர் சிலர், புறக்கடையில் ஒரு தொட்டி அமைத்து மீனையும் கீரையையும் சேர்த்து வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டு, அது மெய்தானா, எப்படித் தொடங்குவது, அதற்குச் சங்கத்தில் கடன் கேட்கலாமா என்று வினவி வருகின்றனர். மெய்தான், தொடங்குவதும் கடினமன்று. ஆயினும், ஆசையோடு தொடங்குவோர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்து, தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவதும் உண்டு. அவ்வாறு நேர்வது ஏன் என்பதையும், நம் ஊர் நீரைக் கொண்டு அதை எங்ஙனம் தவிர்க்கலாம் என்பதையும் விளக்குவதே நமது நோக்கம். கடனைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இம்முறையை 'அக்குவாபோனிக்ஸ்' என்று வழங்குகின்றனர். கீழே மீன் தொட்டி. அதற்கு மேல் ஜல்லி நிரப்பிய பாத்தி. ஒரு சிறு பம்பு தொட்டி நீரைப் பாத்திக்கு ஏற்றுகிறது. நீர் ஜல்லியினூடே இறங்கி மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கிறது. மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. செடி சத்தை உறிஞ்சிக்கொள்வதால் நீர் தெளிந்து மீனுக்குத் திரும்புகிறது. மண் வேண்டுவதில்லை, தனியே உரம் இடுவதும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஆவியாகியும் செடி பருகியும் குறையும் நீரை மட்டும் ஈடு செய்தால் போதும். அது மொத்த நீரில் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரையே ஆகும்.

இவ்வளவோடு விளக்கம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது. மீனும் செடியும் மட்டும் இருந்தால் இந்த ஏற்பாடு நடவாது. மாட்டுத் தொழுவத்தை விடியற்காலையில் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று உண்டல்லவா? அதுவே அம்மோனியா. மீன் தன் செவுள்களின் வழியாக வெளியேற்றுவதும், தின்னாது விட்ட தீனி அழுகி உண்டாவதும் அதே பொருள்தான். அது மீனுக்கு நஞ்சு. ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. நைட்ரைட் மீனின் இரத்தத்திற் கலந்தால் இரத்தம் பழுப்பு நிறமடைந்து, பிராண வாயுவை ஏந்தும் ஆற்றலை இழக்கும். பின்னர் வேறொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. வெடியுப்பில் இருப்பது இச்சத்துத்தான். செடி விரும்பி உண்பது இதுவே. மீனுக்கும் இதனால் எளிதில் கேடு வருவதில்லை. இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர்; காலம் 1890-ஐ ஒட்டியது. ஆகவே இத்தொட்டியில் அங்கத்தினர் இருவர் அல்லர், மூவர். மூன்றாமவர் கண்ணுக்குத் தெரிவதில்லை; அவர் வந்து சேரவும் ஐந்தாறு வாரம் ஆகும்.

வயலில் நெல்லோடு மீன் வளர்க்கும் வழக்கம் சீனாவில் நெடுங்காலமாக உண்டு; நம் நாட்டில் அருணாசலப் பிரதேசத்து அபதானி மக்களிடையேயும் உண்டு. இம்முறையின் இன்றைய வடிவம் 1970-களில் அமெரிக்காவில் தோன்றி, 1980-களில் வர்ஜின் தீவுப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்பவரால் பண்படுத்தப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் சிறு குடும்பங்களுக்கென ஒரு விரிவான கையேடு வெளியிட்டது. நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் செறாயி. அங்கே பள்ளிப்புறம் சேவைக் கூட்டுறவு வங்கி, நபார்டின் துணையோடு, உறுப்பினர்களின் வீடுகளில் இத்தகைய தொட்டிகளை அமைக்க முன்வந்தது. கூட்டுறவுச் சங்கமொன்று இதை மேற்கொண்டது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஆயினும் செறாயி மழை மிகுந்த கடற்கரை. நாமோ ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை நம்பி வாழ்பவர்கள். அவர்கள் செய்ததை நாம் அப்படியே செய்ய இயலாது.

நம் ஊரில் முதற்கேள்வி மீனைப்பற்றியதன்று, நீரைப்பற்றியது. நமக்குத் தெற்கே ஓடும் நொய்யலின் கதையை அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்திற்கென்று 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவு நீரை முற்றிலும் சுத்திகரியாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. வழக்கு முடிந்தாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு விரைவில் போய்விடாது. அதோடு, சாயம் எட்டாத இடங்களிலும் நம் ஆழ்குழாய் நீர் இயல்பாகவே கடினமானது, பி.எச். எட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதும் உண்டு.

இதனால் இருவகைக் கேடு விளைகிறது. முதலாவது, அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் கொல்வதில்லை. அதன் கொடிய பகுதி பி.எச். ஏற ஏறப் பெருகும். 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருப்பின் கொடிய பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 8.5 ஆக இருப்பின் ஐந்தில் ஒரு பங்கு. ஆற்று நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அழுக்கு, நம் கிணற்று நீரில் அதைக் கொன்றுவிடும். இரண்டாவது, இத்தொட்டியிலிருந்து நீர் வடிந்து வெளியேறுவதில்லை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை நாளொன்றுக்கு 10 லிட்டர் ஊற்றிவந்தால், ஒரு மாதத்தில் 600 கிராம் உப்பை நாமே நம் கையால் தொட்டியில் கொட்டியதாகும். மூன்று மாதத்தில் கீரையின் ஓரம் கருகும். நோய் என்று கருதி மருந்து தேடுவர், நோயன்று, உப்பு.

ஆகவே மழைநீரைக் கொண்டு தொடங்குவதே தக்கது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் வாயை ஒரு தொட்டிக்குத் திருப்புவதே வேலை. 50 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 4,000 லிட்டர் கிடைக்கும். தையிலிருந்து வைகாசி வரை ஈடு செய்வதற்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம் 1,500 லிட்டர் தேவை. ஐப்பசி கார்த்திகை மழையில் இதைச் சேமிப்பது முடியாத காரியமன்று. முதல் மழையின் நீரைத் தள்ளிவிட வேண்டும். கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதிலேயே வரும்.

மழைநீர் மட்டும் இருந்தாலும் ஆகாது என்பது பலர் அறியாத செய்தி. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. மழைநீரில் அதைத் தாங்கும் சுண்ணச் சத்து இல்லாமையால் பி.எச். சரசரவென்று இறங்கும், 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். இங்கேதான் நம் கடின நீர் உதவிக்கு வருகிறது. மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு ஆழ்குழாய் நீர் சேர்த்துத் தொடங்கி, பின்னர் மழைநீரையே ஊற்றிவந்து, பி.எச். 6.5-ஐ நெருங்கும்போது மட்டும் ஒரு குடம் ஆழ்குழாய் நீர் ஊற்றுக. கடைகளில் சுண்ணாம்பும் மருந்தும் வாங்க வேண்டுவதில்லை. பி.எச். 6.8-க்கும் 7.2-க்கும் இடையே நிற்பது மூவருக்கும் பொதுவில் ஒத்துக்கொள்ளும். குழாயில் வரும் குடிநீரைப் பயன்படுத்துவோர், குளோரின் போகும்படி இரண்டு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துக. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

இனித் தொட்டி. திருப்பூர்ப் பக்கத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல சாய ஆலைகளிலும் வெளுப்பு ஆலைகளிலும் இரசாயனம் வந்த டிரம்கள். நன்றாகக் கழுவியது என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கலாகாது. பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினால் போவதன்று. உண்ணும் பொருள் வந்த டிரம், அல்லது 500 லிட்டர்ப் புதுத் தண்ணீர்த் தொட்டி, அல்லது சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க. புதிய சிமெண்டுத் தொட்டியில் நீரை நிரப்பி, இரண்டு மூன்று வாரம் மாற்றி மாற்றி வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது.

பாத்தி ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உடையதாக இருக்கட்டும். முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத கருங்கல் ஜல்லியைத் தூசி போகக் கழுவி நிரப்புக. நம் நிலங்களில் விரவிக் கிடக்கும் சுக்கான் கல் அதிற் கலந்திருக்கக் கூடாது. சில கற்களின்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பார்த்தால் தெரியும்; நுரைத்தால் அது சுண்ணக் கல். மொட்டை மாடியில் அமைக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஜல்லியும் நீரும் சேர்ந்து அந்த ஒரு சதுர மீட்டரில் சுமார் 600 கிலோ எடை ஏறும். சாதாரண மாடித் தளம் அவ்வளவு எடைக்குக் கட்டப்பட்டதன்று. தரையிலேயே, பிற்பகல் வெயில் படாத கீழ்ப்புறத்தில் வைத்தல் நலம். தறிக் கூடத்தை ஒட்டியும் வைக்க வேண்டாம். பஞ்சுத் தூசி காற்றுப் பம்பின் வாயை அடைக்கும்.

பம்பு மணிக்கு 500 லிட்டரேனும் பாத்திக்கு ஏற்ற வேண்டும். பாத்தியின் நடுவே நிற்கும் வடிகுழாயின்மேல் சற்று அகன்ற குழாயொன்றை, மேல் வாயை மூடி, கீழ் விளிம்பில் வெட்டுகள் இட்டுக் கவிழ்த்து வைப்பர். நீர் உச்சியை எட்டியதும் இழுப்பு உண்டாகிப் பாத்தி முழுவதும் வடிந்துவிடும், மறுபடி நிறையும். நீர் வடியும்போது காற்று உள்ளே புகுகிறது. வேருக்கும் நுண்ணுயிருக்கும் அதுவே மூச்சு. ஜல்லியின் மேல் இரண்டு அங்குலம் எப்போதும் நனையாமல் இருக்குமாறு வடிகுழாயின் உயரத்தை வைத்துக்கொண்டால் பாசி பிடியாது.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம், அது காத்திருத்தல். நாம் முதன்முதலில் செய்தபோது, நீர் தெளிவாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே குஞ்சுகளை விட்டு, பசியோடு இருக்குமே என்று வேளைக்கு வேளை தீனியும் போட்டோம். எட்டாம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை என்ற பாடத்தை முப்பது குஞ்சுகளைக் கொடுத்துக் கற்றோம்.

செய்ய வேண்டியது இதுதான். நீரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே நாள்தோறும் 10 கிராம் மீன் தீனியைத் தொட்டியில் இடுக. அது அழுகி அம்மோனியா உண்டாகும். அண்டையில் எவரேனும் ஏற்கெனவே நன்கு நடக்கும் தொட்டி வைத்திருந்தால், அவர் பாத்தியிலிருந்து இரண்டு கை ஜல்லி வாங்கி நம் பாத்தியிற் கலக்கலாம். பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. அலங்கார மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் நிறம் காட்டிச் சொல்லும் பரிசோதனைப் பெட்டி விற்கிறது. அதைக் கொண்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து, தறிக்கணக்கு எழுதுவது போல ஒரு நோட்டில் குறித்துவருக. முதலில் அம்மோனியா ஏறும். லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டினால் தீனியைச் சில நாள் நிறுத்துக. பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும். இரண்டும் இறங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்து, நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டு போவதைக் காணும் நாளே மீன் விடும் நாள். ஐப்பசி மழையில் நிரப்பினால் மார்கழித் தொடக்கத்தில் அந்நாள் வரும். அதுவரை கீரை விதைக்கலாம். முதலில் வெளிறி வளர்ந்தாலும் கேடில்லை.

மீன்களில் சாதாக் கெண்டை புதியவர்க்கு ஏற்றது. தவறுகளைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். ஜிலேபி இன்னும் விரைவாக வளரும். ஆனால் 'கிஃப்ட்' எனப்படும் மரபு மேம்படுத்திய ஜிலேபிக்கு மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற பண்ணையிலிருந்தே வாங்க வேண்டும். பவானிசாகரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடலாகாது. அது வாய்க்காலில் தப்பினால் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும். புலால் உண்ணாத வீட்டார் பொன்மீன் வளர்க்கலாம். கீரைக்கு எந்த மீனின் கழிவும் ஒன்றே.

500 லிட்டருக்கு 25 குஞ்சுகள் போதும். வளர்ந்து ஒவ்வொன்றும் கால் கிலோ ஆகும்போது மொத்தம் 6 கிலோ. அதற்கு மேல் தொட்டி தாங்காது என்று கொள்க. மீனின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நாளைய தீனி. ஐந்து நிமிடத்தில் தின்னாது மிஞ்சியதை வலையால் எடுத்துவிடுக. பசியால் செத்த மீனைவிட, மிஞ்சிய தீனியால் செத்த மீனே இத்தொட்டிகளில் அதிகம்.

பயிரில் சிறுகீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா, பாலக் ஆகியவை முதல் ஆண்டுக்கு உரியவை. பாலக் சிறிது உப்பையும் பொறுக்கும். தக்காளியும் கத்தரியும் சத்து மிகுதியாகக் கேட்பவை. தொட்டி முதிர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. வேளாண் கடையில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பைச் சிறிதளவு கரைத்து விடலாம். பூச்சிமருந்து எதுவும் ஆகாது. வேப்பெண்ணெய் தெளித்தாலும் மீனுக்குத் தீங்கு. பூச்சி விழுந்த இலையைக் கையாற் கிள்ளி எறிவதே வழி. சோப்புக் கையையும் நீரில் விடலாகாது.

மின்சாரச் செலவு அஞ்சத்தக்கதன்று. 20 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 29 யூனிட்டே ஆகும். 5 வாட் காற்றுப் பம்புக்கு 7 யூனிட். அஞ்சத்தக்கது மின்தடை. சித்திரை வெயிலில் நீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் பிராண வாயு குறைந்துவிடும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்பது 30 பாகையில் ஏழரைதான். அந்நிலையில் காற்றும் நின்றால் மீன் மேலே வந்து தவிக்கும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். பராமரிப்புக்கென்று முன்னரே அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாளில் காலைத் தீனி போடாமல் விடுக. தின்ற மீனுக்கே மூச்சு அதிகம் வேண்டும். தொட்டிக்கு மேல் ஓலையோ நிழல்வலையோ பங்குனிக்கு முன்பே கட்டிவிட வேண்டும்.

கடனைப்பற்றி: நமது அபிப்பிராயம், இதற்குக் கடன் வாங்க வேண்டாம் என்பதே. மேற்கூறிய அளவுத் தொட்டி, எட்டு மாதத்தில் ஐந்தாறு கிலோ மீனும், வாரத்தில் சில வேளைக்குக் கீரையும் தரும். குடும்பத்தின் உணவுக்கு இது நல்ல சேர்க்கை. கூலிக்கு மாற்று ஆகாது. பெரிதாக வைத்து வியாபாரம் செய்யலாம் என்று தூண்டுவோர் உண்டு. ஒரு கோடையை மீனோடு கடந்தவர், தம் நோட்டில் ஓராண்டுக் கணக்கு வைத்திருப்பவர், அவ்வெண்ணத்தோடு வந்தால் சங்கம் ஆலோசிப்பது நியாயம். அதற்குமுன் கொடுக்கும் கடன், முப்பது குஞ்சுக்குப் பதில் முந்நூறு குஞ்சைக் கொல்லவே பயன்படும். சங்கம் செய்யக்கூடிய உதவி வேறு இருக்கிறது. பரிசோதனைப் பெட்டி ஒன்றைப் பத்து வீட்டார் பங்கிட்டு வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். குஞ்சுகளைத் தனித்தனியே 25 வாங்குவதினும் ஒன்றாகச் சேர்த்து வாங்கலாம். முதலில் முதிரும் பாத்தியிலிருந்து மற்றவர்க்கு ஜல்லி கொடுக்கலாம். அதற்கு விலையில்லை, ஆனால் பெறுபவர்க்கு இரண்டு மூன்று வாரம் மிச்சம்.

தொடங்க எண்ணும் அங்கத்தினர் எதையும் வாங்குவதற்கு முன் தம் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்க. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சிறு கட்டணத்திற்குப் பார்த்துத் தருவர். பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அந்நீராலேயே மூன்று முறை அலசிய ஒரு லிட்டர்ப் புட்டியில், காற்று நில்லாதபடி விளிம்பு வரை பிடித்து மூடி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் மேற்கூறியவாறு மழைநீரோடு கலந்துகொள்ளலாம். 2,000-ஐத் தாண்டினால், மழைத்தொட்டி நிரம்பும் வரையில் மீன் குஞ்சுக்குச் சொல்லி வைக்க வேண்டாம்.